ஒரு கிலோ காற்று

பிளாஸ்டிக் பை கொடுக்கக் கூடாது என்று அரசாங்கம் சொன்ன முதல் நாள் காலையில் ஆனைத்தேரி பலசரக்குக் கடை அய்யாத்துரை அண்ணாச்சிக்கு மூச்சு நின்றுபோனது. நின்றது அவர் நெஞ்சில் மட்டும்தான், ஊருக்குள் நிற்கவில்லை.

ஆனைத்தேரிக்கு மூன்று தெரு, ஒரு கோயில், ஒரு சர்ச், ஒரு பஸ் நிறுத்தம். சாலை போகும் பக்கத்தைத் தவிர மற்ற மூன்று பக்கமும் தேரி. தேரி என்பது மிளகாய்த் தூளைக் கொட்டிவைத்ததுபோன்ற சிவப்பு மணல்மேடு. ஆடிக் காற்றில் இடம் மாறிக்கொண்டே இருக்கும், போன வருடம் மேடாக இருந்த இடத்தில் இந்த வருடம் ஆடு மேயும், போன வருடம் ஆடு மேய்ந்த இடத்தில் பனையின் கழுத்துவரை மணல் ஏறியிருக்கும். அந்த மணலில் நிலைத்து நிற்பவை பனையும் உடைமரமும்தான். உடைமரத்து முட்களில் பிளாஸ்டிக் பைகள் மாட்டிக்கொண்டு படபடக்கும், பஸ்ஸில் போகிற வெளியூர்க்காரர்கள் கொக்குக் கூட்டம் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள்.

அந்தக் கொக்குகளில் முக்கால்வாசி அய்யாத்துரை அண்ணாச்சியின் கடையிலிருந்து போனவை. மற்ற கடைக்காரர்கள் ஒட்டிக்கிடக்கும் பையை விரலில் எச்சில் தொட்டோ ஈரப் பஞ்சைத் தொட்டோ பிரிப்பார்கள். அண்ணாச்சிக்கு உப்பும் புளியும் கருப்பட்டியும் அள்ளி அள்ளி விரல் நுனி வழுவழுவென்று ஆகிவிட்டது, எதைத் தேய்த்தாலும் வழுக்கும். அதனால் அவர் தராசுக்கு மேலே கொக்கியில் தொங்கும் கட்டிலிருந்து ஒரு பையை உருவி, வாய்க்கு நேராகப் பிடித்து, ப்பூ என்று ஒரு ஊது ஊதுவார். பை வயிறு உப்பி நிற்கும். பருப்பைக் கொட்டி, இரண்டு காதையும் இழுத்து முயல் காது மாதிரி ஒரு முடிச்சுப் போட்டு, கையில் கொடுக்கும்போதே “வேற?” என்பார். ஒரு தீப்பெட்டி வாங்கினாலும் ஒரு பை, ஒரு எலுமிச்சம்பழம் வாங்கினாலும் ஒரு பை, ஒரு ஊது, ஒரு முடிச்சு, ஒரு “வேற?”. எங்கள் தெருப் பிள்ளைகள் கடை வைத்து விளையாடினால் முதலில் காற்றை ஊதிவிட்டுத்தான் மணலை அளப்பார்கள். மத்தியானம் இரண்டிலிருந்து நாலுவரை அவர் சாப்பிட்டுப் படுப்பார், அப்போது அவர் மனைவி செந்தூர்கனி வந்து கடையில் இருப்பாள். கடை திறந்த நாளிலிருந்து இருபத்தெட்டு வருடம் இந்த வழக்கம் மாறவில்லை.

அந்த முதல் நாள் காலையில் சுகாதார ஆய்வாளர் ஒரு சாக்குடன் வந்து கொக்கியில் தொங்கிய கட்டைக் கேட்டார், அண்ணாச்சி மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்தார். ஆய்வாளர் தெருமுனை திரும்பக்கூட இல்லை, அதற்குள் தையல்கடை தவசிமுத்து கால் கிலோ சீனிக்கு வந்து நின்றார்.

“பை கொண்டு வரலியா தவசி?”

“மறந்துட்டேன் அண்ணாச்சி. உள்ள ஒளிச்சு வச்சிருப்பியள்ல, ஒரு கவரு எடுங்க. போலீசா வந்து எட்டிப் பாக்கப் போவுது?”

“சீனிய சட்டைப் பையில போட்டு அனுப்புதேன். எறும்பு உன்னிய வீடுவரைக்கும் கொண்டு விட்டுரும்” என்று சிரித்துக்கொண்டே அண்ணாச்சி சீனியை நிறுத்தார். நிறுத்துவிட்டு, பழக்கத்தில் கை மேலே போனது, காலிக் கொக்கியில் இல்லாத பையை உருவியது, வாய்க்கு நேராகப் பிடித்தது. ப்பூ என்று ஊதினார். ஊதிய மூச்சு போய் நிற்க இடமில்லை. அண்ணாச்சி அரிசி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தார், உதடு ஊதின மேனிக்கே குவிந்திருந்தது. தவசிமுத்து சீனியைப் பார்த்தபடி “வேற?” வருமென்று காத்திருந்தார். அது வரவில்லை. அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்து, “மதினீ!” என்று வீட்டுப் பக்கம் திரும்பிச் செந்தூர்கனியைக் கூப்பிட்டுக் கத்தினார்.

டாக்டர் வந்து நாடி பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. உடம்பு சில்லிடவும் இல்லை, சுடவும் இல்லை. டாக்டர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு தன் மருந்துப் பெட்டியை எடுத்தபோது, அந்தப் பெட்டிக்கடியில் மாத்திரை அட்டைகள் சுற்றிவைத்திருந்த பழைய பை ஒன்று மெல்ல உப்பியது, பிறகு மெல்ல வற்றியது, பிறகு மறுபடியும் உப்பியது. அதன் வாயில் முயல் காது முடிச்சு விழுந்திருந்தது.

“நான் இந்தப் பைக்கு முடிச்சே போடலியே” என்றார் டாக்டர். கொஞ்ச நேரம் அதன்மேல் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, “மூச்சு நல்லாத்தான் இருக்கு. செத்துட்டார்னு நான் எழுதித் தர முடியாதும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொழுது சாய்வதற்குள் மூன்று தெருவிலும் பைகள் மூச்சு விட ஆரம்பித்திருந்தன. எல்லார் வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஒரு பைக்குள் நூறு பை திணித்துத் தொங்குமல்லவா, அது ஆட்டின் வயிறுபோல ஏறி இறங்கியது. மெத்தைக்கடியில் வைத்தது, ரேஷன் அட்டையைச் சுற்றியது, மழைக்கு சைக்கிள் சீட்டில் மாட்டியது, எப்போதோ அவிழ்த்துப் பருப்பை டப்பாவில் கொட்டிவிட்டு மடித்துவைத்தது, எல்லாம் அண்ணாச்சி போட்ட முடிச்சோடு மறுபடி கட்டியிருந்தன. கிழிந்த பைகள் மட்டும் சும்மா கிடந்தன. எல்லாம் ஒரே சீராக ஏறி இறங்கின, வீட்டுக்கு ஒன்றிரண்டு மட்டும் கொஞ்சம் வேகமாக, படியேறி வந்தவர் விடுகிற மூச்சுபோல ஏறி இறங்கின. அவை அண்ணாச்சி வாலிபத்தில் ஊதிய பைகளாக இருக்கும் என்று நாங்களே முடிவுசெய்துகொண்டோம்.

செந்தூர்கனி அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் வீடு வீடாக வந்து கைகூப்பி நின்றாள்.

“யாரும் அவுத்துராதிய. கிழிச்சிராதிய. அவிய மூச்சு உங்க கையிலதான் இருக்கு. அது நிக்காம இருந்தா ஒருநாள் திரும்பி வந்துருவாவ.”

யாராவது அவிழ்ப்பார்களா? பையைக் கொடுக்கச் சொல்லி ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தார்கள், நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டோம். ஆய்வாளர் கடைத்தெருவிலும் சாக்கடை ஓரத்திலும் கிடைத்ததை மட்டும் பொறுக்கி நாலு சாக்கில் கட்டிப் பஞ்சாயத்து அலுவலக அறையில் பூட்டிவைத்தார், அந்த அறைக் கதவு மூச்சுக்கு மூச்சு தாழ்ப்பாளை லேசாகத் தட்டியது. அவர் ஒரு வாரம் அதைக் கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார், பிறகு அது கேட்காத இடத்தில் அவருக்கு வேலை ஓடவில்லை என்றார்கள்.

ஊருக்கும் அப்படித்தான் பழகிப்போனது. அண்ணாச்சி மூச்சில் நூறு எண்ணினால் முட்டை பாதி வேகும், இருநூறு எண்ணினால் முழுதாக வேகும் என்று பெண்கள் கண்டுபிடித்தார்கள். சர்ச் சாமியார் பிரசங்கத்தில் உயிர்த்தெழுதல் பற்றிப் பேசினார், கோயில் பூசாரி இது அம்மன் காரியம் என்றார், இரண்டு பேர் வீட்டிலும் பை இருந்ததால் சண்டை வரவில்லை. ஆளில்லாத வீட்டுக்குள் போனால் யாரோ தூங்குகிற மாதிரி ஒரு சத்தம் இருந்தது, முதலில் மயிர்க்கூச்செறிந்தது, அப்புறம் அந்தச் சத்தம் இல்லாத வெளியூர் வீடுகளுக்குப் போனால் எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. கீழத்தெரு ரூத்தின் ஆறு மாதப் பிள்ளை பிறந்ததிலிருந்து அழுதுகொண்டே இருந்தது; ரூத் ஒரு பையைத் தொட்டில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள், பிள்ளை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அன்றுதான் முதன்முதலாக விடிய விடியத் தூங்கியது.

அண்ணாச்சியைக் கடைக்குப் பின்னால் உள்ள அறையில் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை, உதடு குவிந்தபடியே இருந்தது. செந்தூர்கனி காலையில் அவர் முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் கடையைத் திறப்பாள். மாசி மாதத்தில் ஒருநாள் துடைக்கும்போது துணியில் சிவப்பாக ஏதோ ஒட்டியது. ரத்தம் என்று பதறிப்போய்ப் பார்த்தாள். மணல். தேரி மணல், அவர் வாயோரத்திலிருந்து அரிசிப்பானையிலிருந்து எறும்பு போவதுபோல வரிசையாக வந்துகொண்டிருந்தது. துடைத்தாள், மறுநாளும் வந்தது. அடுத்து கையிலும் முதுகிலும் முள் குத்திய புள்ளிகள் வந்தன, காற்று வீசுகிற நாளில் புள்ளிகள் நீளமான கோடுகளாக இழுபட்டன. குப்பைமேட்டில் யாரோ தீ வைத்த அன்று அவர் வாயிலிருந்து கறுப்புப் புகை வந்தது, மீசை கருகிப்போனது. சாக்கடை அடைத்துக்கொண்ட அன்று தலையணை நாறியது. ஒரு மத்தியானம் அவர் தாடை அசைவதைப் பார்த்து, வந்துவிட்டார், பேசப்போகிறார் என்று செந்தூர்கனி கட்டிலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அவர் பேசவில்லை. பக்கவாட்டில், மெதுவாக, அசைபோட்டுக்கொண்டிருந்தார். அவள் எழுந்து வெளியே வந்து பார்த்தபோது தெருவில் பக்கத்து வீட்டு லிங்கத்தின் பசு படுத்து அதே மாதிரி அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அன்று அவள் கடையைத் திறக்கவில்லை. தின்பண்ட டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்து யோசித்தாள். அவர் மூச்சு எங்கெங்கே கிடக்கிறதோ அங்கெல்லாம் அவர் கிடக்கிறார். பிளாஸ்டிக் மக்காது என்று ஒலிபெருக்கி ஆட்டோ தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது, நம் பேரன் காலம், அவன் பேரன் காலம் தாண்டியும் மக்காது என்று சொன்னது. அத்தனை காலமும் அவர் முள்ளில் தொங்க வேண்டும், மணலுக்கடியில் கிடக்க வேண்டும், சாக்கடையில் ஊற வேண்டும். அவர் சாகாமல் இருக்க வேண்டும் என்று ஊரைக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டது அவள்தான். இப்போது அவரைச் சாகவிட வேண்டும் என்று கேட்க வேண்டியதும் அவள்தான்.

மறுபடியும் வீடு வீடாகப் போனாள். இந்தத் தடவை கதவு அவ்வளவு அகலமாகத் திறக்கவில்லை.

“புருஷன் போவணும்னு வீடு வீடா வந்து கேக்குத பொம்பளைய இப்பத்தான் பாக்கேன்” என்று டீக்கடைப் பெஞ்சில் ஒருவர் அவள் காதில் விழும்படி சொன்னார். “கடைய எழுதி வாங்கிட்டாளோ என்னவோ” என்றார் இன்னொருவர்.

ரூத் நேராகவே சொன்னாள். “மதினி, எம் பிள்ள இதப் புடிச்சாத்தான் கண்ண மூடுது. அவுக்காதேன்னு கையெடுத்துக் கும்பிட்டது நீங்கதான?”

“அப்ப சொன்னதும் நாந்தாண்டி. இப்ப சொல்லுததும் நாந்தான்.”

“அண்ணாச்சி இருக்காவன்னு ஒரு தைரியமா இருக்கு மதினி. வீட்டுக்காரரும் ஊர்ல இல்ல. இது ஒண்ணுதான் ஆம்பள மூச்சுன்னு வீட்டுல கேக்குது.”

“ஒனக்குத் தைரியம். அவியளுக்கு என்னன்னு வந்து பாத்தியா?”

ரூத் தொட்டிலை ஆட்டினாள். தெருக்கோடியில் ஒருவன், அவிழ்க்க முடியவில்லை என்று பிளேடால் ஒரு பையைக் கிழித்தான், அந்த நேரத்தில் அண்ணாச்சியின் முழங்கையில் வெட்டு விழுந்தது. கிழிக்கக் கூடாது, முடிச்சை முடிச்சாக அவிழ்க்க வேண்டும் என்பது அதிலிருந்து தெரிந்தது.

பங்குனி வெயில் உச்சிக்கு வந்த ஒரு மத்தியானம் செந்தூர்கனி சரக்கு ஏற்றும் கைவண்டியில் சாக்கை விரித்து அண்ணாச்சியைச் சாய்த்து உட்கார வைத்தாள். தவசிமுத்து வண்டியைத் தள்ளினார், அவர்தான் கடைசியாகச் சீனி கேட்டவர், அன்றிலிருந்து அவர் டீயில் சீனி போடுவதில்லை. வண்டி மேலத்தெருவிலிருந்து நுழைந்தது. ஒவ்வொரு வீட்டைத் தாண்டும்போதும் அந்த வீட்டுப் பைகள் முழுமூச்சாக உப்பி ஜன்னல் கம்பியில் முட்டின, தாய் குரல் கேட்ட கன்றுகள்போல. நாங்கள் வாசலுக்கு வந்தோம். நாங்கள் பார்த்தது அண்ணாச்சியைத்தான், ஆனால் மாதக்கணக்கில் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த அண்ணாச்சி அல்ல. குவிந்த உதட்டிலிருந்து மணல் வழிந்து மடியில் ஒரு குட்டித் தேரியாகக் குவிந்திருந்தது. கழுத்தெல்லாம் முள் கோடு. வண்டி போன வழி நெடுகச் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது.

ரூத் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். அண்ணாச்சியின் கன்னத்தில் பிறை பிறையாகச் சின்னச் சின்ன நகக்குறிகள் இருந்தன, பழையது ஆறியது, இன்றைக்குக் காலையில் விழுந்தது இன்னும் சிவந்திருந்தது. அவள் பிள்ளையின் கையைப் பிடித்து விரலை விரித்துப் பார்த்தாள். அந்த நகக்குறிமேல் அந்த நகத்தை வைத்தாள். சரியாக இருந்தது.

“எம் பிள்ள நகம் மதினி” என்றாள். உள்ளே போய்த் தொட்டில் கயிற்றிலிருந்து பையைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

முதல் முடிச்சை அவிழ்த்தது அவள்தான். அவிழ்த்ததும் கருப்பட்டியும் சுக்கும் கலந்த ஒரு வாடை, அதோடு பையின் வாயிலிருந்து அண்ணாச்சியின் குரல், அவசரமில்லாத, கை வேலையில் இருக்கும்போது கேட்கிற குரல்: “வேற?”

ரூத் திடுக்கிட்டு, யோசிக்காமல், “கால் லிட்டர் நல்லெண்ண அண்ணாச்சி” என்றுவிட்டாள். சிலர் சிரித்தோம், சிரித்த வாயை உடனே மூடிக்கொண்டோம். அண்ணாச்சியின் கன்னத்தில் நகக்குறிகள் மறைந்திருந்தன.

அன்று சாயந்தரம் கடைக்கு முன்னால் வரிசை நின்றது. அண்ணாச்சியை அவருடைய இடத்தில், தராசுக்குப் பின்னால், அரிசி மூட்டையில் சாய்த்து உட்கார வைத்திருந்தோம். ஒவ்வொருவராக வந்து அவர் முன்னால் நின்று முடிச்சை அவிழ்த்தோம். நகம் போகாத முடிச்சுக்கு ஊசி கொடுத்தார் தவசிமுத்து. “வேற?” என்றது பை, “அரைக் கிலோ துவரம்பருப்பு” என்றது வாய். “வேற?” “ஒரு சோப்பு, சின்னது.” “வேற?” “அண்ணாச்சி, பிள்ளைக்கு மிட்டாய்.” சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டு போனவர்களும் சொன்னார்கள், இருபத்தெட்டு வருடம் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன நாக்கு. ஒரு “வேற?”வுக்கு ஒரு புள்ளி மறைந்தது, இன்னொரு “வேற?”வுக்கு ஒரு கோடு ஆறியது. டீக்கடைப் பெஞ்சுக்காரர் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்திருந்தார், அவருக்கு மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு பை இருந்தது, அவிழ்த்து முடிக்கும்போது எதுவும் கேட்டு வாங்கத் தோன்றாமல் “சரி அண்ணாச்சி, சரி அண்ணாச்சி” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்றை நாங்கள் கவனித்தோம். வேகமாக மூச்சு விடுகிற பை யார் கையிலாவது வந்தால் செந்தூர்கனி கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். “இது இருக்கட்டும்” என்று உள்ளே கொண்டுபோய் வைத்தாள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

பஞ்சாயத்து அறையில் பூட்டியிருந்த நாலு சாக்குக்கு அவளே போனாள்.

“பறிமுதல் பண்ணினத திருப்பிக் குடுக்க சட்டத்துல இடமில்லம்மா” என்றார் ஆய்வாளர். அவர் முகம் வாடியிருந்தது, தாழ்ப்பாள் தட்டுகிற சத்தத்தை விட்டுக்கொடுக்க அவருக்கும் மனசில்லை.

“பைய நீங்களே வச்சிக்கிடுங்க சார். உள்ள இருக்கத மட்டும் குடுங்க.”

அவர் சட்டத்தை மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். உள்ளே இருப்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. சாவியை எடுத்தார், தானும் தரையில் உட்கார்ந்து அவிழ்த்தார். அவர் வெளியூர்க்காரர், அண்ணாச்சி கடையில் எதுவும் வாங்கியதில்லை, “வேற?” என்று கேட்டபோதெல்லாம் தலைகுனிந்து “ஒண்ணுமில்லங்க” என்றார்.

சித்திரை முழுக்க ஊர் தேரியில் கிடந்தது. தொரட்டியால் உடைமரத்து முட்களிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினோம். மணலுக்கடியில் இருப்பதைக் கண்டுபிடிப்பது லேசாக இருந்தது, காலை வெயில் சாய்வாக விழும்போது தேரியில் அங்கங்கே மணல் ஒரு சாண் ஏறும், ஒரு சாண் இறங்கும், பெரிய மிருகம் ஒன்று எங்களுக்கு முதுகைக் காட்டித் தூங்குவதுபோல இருக்கும். அந்த இடத்தில் கையை விட்டால் பை வெதுவெதுப்பாகத் தட்டுப்படும். லிங்கத்தின் பசுவின் வயிற்றைக் கால்நடை மருத்துவர் கீறி ஒரு கூடை நிறையப் பைகளை எடுத்தார். பசு பிழைத்தது. ஒரு முடிச்சை அவிழ்த்தபோது பச்சைப் புல் வாடையோடு “வேற?” என்றது, பசு திரும்பிப் பார்த்தது.

வைகாசி பிறந்தபோது ஊரில் மூச்சு விடுகிற பை எதுவும் இல்லை, செந்தூர்கனி எடுத்து வைத்தவற்றைத் தவிர. வீடுகள் அமைதியாக இருந்தன. அண்ணாச்சியின் உடம்பில் முள் இல்லை, மணல் இல்லை, புகை இல்லை. ஆனாலும் அவர் போகவில்லை. டாக்டர் வந்து பார்த்தார். “ஒரு மூச்சு பாக்கி இருக்கு. இருக்கிற இடம்தான் தெரியல” என்றார்.

செந்தூர்கனிக்கு இடம் தெரியும்.

கல்யாணமாகிக் கடை திறந்த முதல் மாதத்தில் ஒருநாள் அவள் காலைச் சாப்பாடு கொண்டுபோனாள். கடையில் ஆளில்லை. அண்ணாச்சி அப்போது அண்ணாச்சி இல்லை, மீசை சரியாக முளைக்காத அய்யாத்துரை. “என்ன வேணும்?” என்று வியாபாரிக் குரலில் கேட்டார். “ஒண்ணும் வேண்டாம்” என்றாள். “கடைக்கு வந்துட்டு ஒண்ணும் வேண்டாம்னா எப்படி?” என்று ஒரு பையை உருவி, ஊதி, எதையும் போடாமல் முடிச்சுப் போட்டு, தராசில் வைத்துப் பொய்யாக நிறுத்து, “ஒரு கிலோ காத்து. ஓசிதான், கொண்டுட்டுப் போ” என்று கையில் கொடுத்தார். மற்ற பைகளெல்லாம் எதையோ சுமப்பதற்காக ஊதியவை, அது ஒன்றுதான் ஊதுவதற்காகவே ஊதியது. அவள் அதை முகூர்த்தப் புடவைக்கடியில் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள்.

ஊரிலுள்ள எல்லாரையும் அவிழ்க்கச் சொன்னவள் அந்தப் பெட்டியைத் திறக்காமல் ஒன்பது நாள் இருந்தாள். பெட்டியின்மேல் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ரூத்தான் ஒரு காலையில் வந்து பார்த்துவிட்டு, அவளை எழுப்பாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பிள்ள தூங்குதாட்டி?” என்றாள் செந்தூர்கனி.

“மூணு நாளு அழுதான் மதினி. அப்புறம் அவனா தூங்கிட்டான்.”

செந்தூர்கனி பெட்டியைத் திறந்தாள். பை உருண்டையாக, ஒரு சுருக்கம் விழாமல் இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஊசியில்லாமல், நகத்தால் முடிச்சை அவிழ்த்தாள். கருப்பட்டி வாடை இல்லை, அப்போது கடை புதுசு. வெறும் மூச்சு, வாலிப மூச்சு, அதில் ஒரு சிரிப்பு கிடந்தது, அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அது கேட்டது:

“வேற?”

ஊரெல்லாம் எதை எதையோ கேட்டது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“போதும்” என்றாள்.

அண்ணாச்சியின் உதடு, அந்த முதல் நாளிலிருந்து குவிந்திருந்த உதடு, மெதுவாக விரிந்து மூடியது.

எடுத்து அடக்கம் செய்தோம். பதினாறு முடிந்த மறுநாள் ரூத்தும் இன்னும் இரண்டு பெண்களும் போய், உள்ளறையில் குவிந்திருந்த வேகமூச்சுப் பைகளைக் காட்டி, “இத என்ன செய்ய மதினி?” என்று கேட்டார்கள். செந்தூர்கனி ஒன்றை எடுத்து அவிழ்த்தாள். “வேற?” என்றது அது. பெண் குரல், மத்தியானக் குரல், சாப்பிடப் போனவர் வருவதற்குள் வியாபாரத்தை முடிக்கிற அவசரக் குரல். அவர்கள் மூவரும் அவளைப் பார்த்தார்கள். பைகள் ஏறி இறங்கிய அதே வேகத்தில் அவள் நெஞ்சும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“அவியளுக்கு வீடு வீடா போயி கேக்க நான் இருந்தேன். எனக்கு ஆரு இருக்கா?” என்றாள். “நான் இருக்கும்போதே நானே அவுத்துக்கிடுதேன்.”

அவிழ்த்தாள். வீட்டிலிருந்தது அத்தனையும் ஒரே நாளில் தீர்ந்தது. மிச்சம் தேரியில் இருந்தது. சித்திரையில் நாங்கள் எடுத்தவை சீராக மூச்சு விட்டவை, மணல் வேகமாகத் துடித்த இடங்களைக் காற்று என்று விட்டுவிட்டோம். அவற்றைத் தேடி முடிப்பதற்குள் ஆடிக் காற்று வந்துவிட்டது, மேடு பள்ளமாகிப் பள்ளம் மேடாகிவிட்டது. இப்போதும் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுத் தொரட்டியோடு அவள் தேரிப்பக்கம் போவதைப் பார்க்கிறோம், எங்களில் இரண்டு பேர் கூடப் போகிறோம். சில நாள் ஒன்று கிடைக்கிறது, பல நாள் கிடைப்பதில்லை.

கடை நடக்கிறது. நாங்கள் துணிப்பை கொண்டுபோகிறோம், மறந்தவர்கள் முந்தானையிலோ துண்டிலோ வாங்கிக்கொள்கிறோம். செந்தூர்கனி நிறுத்துக் கொட்டுவாள், எதையும் ஊத மாட்டாள், “வேற?” என்று கேட்கவும் மாட்டாள். வாங்கி முடித்ததும் நாங்களாகவே “போதும் மதினி” என்று சொல்லிவிடுகிறோம். சரி என்று தலையசைத்துவிட்டு அவள் முந்தானை நுனியால் வாயோரத்தை ஒற்றிக்கொள்வாள். நாங்கள் பார்க்காததுபோலத் திரும்பிக்கொள்வோம். முந்தானையில் கொஞ்சமாகச் சிவப்பு மணல் ஒட்டியிருக்கும்.